யாரும் ‘பழசு’ என்று கூவாத ஞாயிறு

மார்ஸ்பி,
செப்டம்பர், புயல் ஓய்ந்த செவ்வாய்க்கிழமை.

நடுக்கடலில் இரும்புக் கால்கள் மேல் நிற்கும் அண்ணன் பார்னபிக்கு, நடுங்கும் கரையில் சொந்தக் கால்கள் மேல் நிற்கும் தங்கை வெரிட்டி எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நாயும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருப்பாய். இல்லாவிட்டால் உன் எண்ணெய்க் கம்பெனி இதற்குள் சொல்லி அனுப்பியிருக்கும்.

முதலில் ஊர்ச் செய்தி. கரை கரைகிறது. இதில் புதிதாக எதுவும் இல்லை, தெரியும். ஆனால் போன வாரம் வடக்கிலிருந்து அடித்த காற்று கடற்கரை மணலை ஆள் உயரத்துக்கு வாரிக்கொண்டு போய்விட்டது. கடல் விழுங்கிய பழைய மார்ஸ்பியின் கிணறு ஒன்று வெளியே வந்திருக்கிறது. சுற்றியிருந்த மண்ணெல்லாம் போய், உள்ளே கட்டிய கல் மட்டும் புகைபோக்கி மாதிரி மணலில் நிமிர்ந்து நிற்கிறது. நான் அதன்மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இருக்கிறதா என்று பாதிரியார் லப்பக் கீழேயிருந்து கேட்டார். உள்ளே இல்லை, வெளியேதான் நிறைய இருக்கிறது என்று கடலைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்து இப்போது இந்த ஊரில் யாரும் சிரிப்பதில்லை.

ஊர்த் தொல்லியல் குழு முன்பு போலவே நடக்கிறது. கோயில் வாசல் பலகையில் அதைத் ‘தொல்லையியல் குழு’ என்று நான் திருத்தியதற்கு மட்டும் ஒரு வாரம் பீங்கான் சில்லு கழுவும் தண்டனை கிடைத்தது. பழைய பல்துலக்கியால் தேய்த்துத் தேய்த்து, எது குழுவின் பல்துலக்கி எது அப்பாவுடையது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்பாவிடம் சொல்லாதே. பச்சை மெருகிட்ட பானை ஓடுகள் கூடை கூடையாகக் கிடைக்கின்றன. கீழே சில்லு தெரிந்தாலும் ஓடு, மேலே மண் உதிர்ந்தாலும் ஓடு. எங்கள் வேலைக்கு இந்த ஒரு சொல் போதும். எனிட் அத்தை தன் தபாலாபீஸ் மேஜையில் மறந்து வைத்த பழைய பல்செட்டை ஒரு தட்டில் வைத்து ‘சாக்ஸன் காலம், ஆயிரம் வருஷத்துக்கு முன்’ என்று சீட்டு ஒட்டி அனுப்பினேன். மாவட்ட அருங்காட்சியகத்து மிஸ் ஹவ்லெட் லென்ஸ் வைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இந்த சாக்ஸன் பெப்பர்மின்ட் நிறையச் சாப்பிட்டிருக்கிறான் என்று பதில் எழுதினார். எனக்கு அவரைப் பிடித்துப் போய்விட்டது.

சிரித்தாயா? சரி, இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

நீ போன பிறகு இங்கே ஒரு வழக்கம் வந்திருக்கிறது. அது யார் தொடங்கியது என்று தெரியவில்லை. பழைய கோயில் இருந்த இடம், கரைமேடு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்குக்கு அந்தப் பக்கம் அல்லவா? அங்கே ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் பழைய கல்லறைகள் திறந்துகொள்கின்றன. எலும்புகளைக் கடல் எடுத்துப் போகுமுன் நாம் எடுத்து, மேலே புதுக் கோயிலில் மறுபடி புதைக்கிறோம். அதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது இது: இப்போது யார் கையில் எலும்பு தட்டுப்பட்டாலும், குனிந்து நிறத்தைப் பார்த்து, நிமிர்ந்து உரக்க ‘பழசு’ என்று கூவுகிறார்கள். தேநீரில் ஊறிய மாதிரி பழுப்பாக, எடையில்லாமல் இருந்தால் பழசு என்று மிஸ் ஹவ்லெட் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்தக் குரல் வந்த பிறகுதான் அப்பா மூச்சு விடுகிறார். அதுவரை கையில் இருக்கும் மண்வெட்டி அப்படியே நிற்கும்.

எல்லோரும் அப்பாவுக்காகத்தான் கூவுகிறார்கள். அதை யாரும் பேசுவதில்லை.

பிப்ரவரியில் அம்மாவோடு நடக்கப் போன நாய் மட்டும் வீட்டுக்குத் திரும்பி வந்த அன்று மூக்குக்கு அப்பால் சரிந்த மண்மேடு இன்னும் பாதி அங்கேயே கிடக்கிறது. தேடியவர்கள் ஒரு வாரம் தோண்டிவிட்டுப் போய்விட்டார்கள். கடல் தின்றது போக மிச்சத்தை ஒவ்வொரு புயலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவுகிறது. அப்பா சொல்வது, ஊர்க் கல்லறைகளைக் காப்பாற்றப் போகிறேன் என்று. ஆனால் அவர் கல்லறைகள் பக்கம் நிற்பதே இல்லை. அந்த மேட்டின் அடியில்தான் நிற்கிறார், தலைக்கு மேலே வெடிப்பு விட்ட மண் தொங்க. அடியில் நடக்காதீர்கள் என்று கவுன்சில் பலகை நட்டிருக்கிறது. அப்பா அதைப் படித்து, தலையாட்டி, அதன்மேல் தன் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் போகிறார்.

அம்மாவை எடுத்த மேடு அப்பாவையும் எடுத்துக்கொள்ளும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா. விளையாட்டாக எழுதவில்லை. நீ சொன்னால் கேட்பார். அவருக்கு ஒரு கடிதம் எழுது. நீளமாக எழுது.

உன் கால்களின் கீழே இரும்பு உறுதியாக இருக்கட்டும்.

தங்கை,
வெரிட்டி


மார்ஸ்பி,
அக்டோபர் பாதி.

எழுத்தில் கஞ்சனான அண்ணனுக்கு,

உன் தபாலட்டை வந்தது. ‘இங்கே காற்று அதிகம். எல்லோரும் கவனமாக இருங்கள்.’ அவ்வளவுதான். இதை எனிட் அத்தை கொடுக்கும்போதே படித்துவிட்டதாக ஒப்புக்கொண்டார், உனக்கு அவரைத் தெரியும். மலர்க் கண்காட்சியில் தன் ஜாமுக்குக் கிடைத்த முதல் பரிசை, பழத்தில் பாதி கடையில் வாங்கியது என்று மேடையிலேயே சொல்லித் திருப்பிக் கொடுத்தவர் அல்லவா. அப்பா அட்டையைக் கணப்பு மேல் சாய்த்து வைத்திருக்கிறார். ‘பையன் நல்லா இருக்கான்’ என்று நாயிடம் சொன்னார். நாய்க்கு உன் கையெழுத்து புரிந்த மாதிரி தெரியவில்லை.

உன்னிடம் கேட்டது கிடைக்காததால் நானே ஒரு வழி செய்துகொண்டேன். அப்பா தனியாக மூக்கைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் ஏதாவது ஒரு புளுகைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறேன். கோழிக்கூடு திறந்துகொண்டது. கொட்டகையில் புகை வருகிறது. பாதிரியார் ஞானஸ்நானத் தொட்டியில் வழுக்கி விழுந்துவிட்டார், எடுக்க ஆள் வேண்டும். முதல் மூன்று முறை அப்பா ஓடி வந்தார். கொட்டகைக்கு வாளித் தண்ணீரோடு வந்து, காய்ந்து கிடந்த கொட்டகையையும் என்னையும் பார்த்துவிட்டு, தண்ணீரை என் தலையில் ஊற்றினார். நான் சந்தோஷமாக நனைந்தேன், ஏனென்றால் அவர் அப்போது மேட்டின் அடியில் இல்லை.

இப்போது அதுவும் தேய்ந்துவிட்டது. நேற்று நான் உண்மையிலேயே பயந்துபோய் ஓடினேன். மேலேயிருந்து சின்னக் கற்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன, யாரோ மேலே உட்கார்ந்து பொறுக்கிப் போடுகிற மாதிரி. அப்பா முழங்காலிட்டுக் களிமண்ணைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். மண்வெட்டி பக்கத்தில் கிடந்தது. வெறும் கையால் தடவினார், தூங்குகிற ஆளின் போர்வையைச் சரி செய்கிற மாதிரி. அவர் தோளில் ஒரு கல் விழுந்தது. அவர் நிமிரவில்லை. மேடு இறங்குதுப்பா, வாங்க என்று கத்தினேன். அவர் திரும்பாமலே, ‘இன்னைக்கு என்னம்மா, கோழியா, பாதிரியாரா?’ என்று கேட்டார்.

கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அன்பாகக் கேட்டார்.

ராத்திரி படுக்கும்வரை அந்த இடம் இறங்கவில்லை. காலையில் இறங்கியிருந்தது. அவர் முழங்காலிட்ட இடத்தின் மேல், ஒரு வண்டி மண். காலைத் தேநீரில் அதை அவரிடம் சொன்னேன். சரிம்மா என்றார்.

என்னை இனி அவர் நம்பப் போவதில்லை. என் வாயே என் வழியை அடைத்துவிட்டது. நீ விடுமுறைக்கு வீட்டுக்கு வராமல் அபர்தீனில் அறை எடுத்துத் தங்குவதை எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்ளாதே. நான்கு பக்கமும் கடல் சூழ நிற்கிற உனக்குக் கடல் பயமில்லை, இந்த ஒரு கரைதான் பயம். எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

மாத முடிவில் கடல் ரொம்ப தூரம் உள்வாங்கும். அது எந்த நாள் என்று அப்பா பாதிரியாரிடம் கேட்டு வைத்திருக்கிறார்.

நலம் வேண்டி,
வெரிட்டி


மார்ஸ்பி,
நவம்பர் தொடக்கம்.

அண்ணா,

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி. படித்த பிறகு கடலில் மட்டும் எறியாதே. கடல் எதையும் கடைசியில் எங்கள் பக்கம்தான் கொண்டுவந்து போடுகிறது.

அப்பா உயிரோடு இருக்கிறார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலாவில் வீக்கமும் இருமலும் இருக்கின்றன. ஊரில் யாருக்கும் வேறு சேதம் இல்லை.

அக்டோபர் கடைசி ஞாயிறு, கோடை நேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளும் நாள். வருஷா வருஷம் யாராவது மறந்து, பூட்டிய கோயில் வாசலில் ஒரு மணி நேரம் நின்று ஊர்ச் சிரிப்புக்கு ஆளாவார்கள். போன வருஷம் நீதான். இந்த முறை ஒருவர்கூடத் தவறவில்லை. பாதிரியார் பிரசங்க மேடையிலிருந்தே எங்களைப் பாராட்டினார். கடைசியில் மார்ஸ்பிக்கு மணி பார்க்கத் தெரிந்துவிட்டது என்றார். எல்லோரும் சிரித்தோம், அப்பா உட்பட.

தப்பு அங்கேதான் இருந்தது. கடல் ஏறி இறங்கும் நேரத்தைப் பாதிரியார் வாசல் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைப்பாரே. அந்த அட்டவணை கிரீன்விச் நேரத்தில் அச்சாகிறது, கோடை முழுக்க அவர் ஒரு மணியைக் கூட்டித்தான் எழுதுகிறார். ஞாயிறுக்கான நேரத்தை வெள்ளிக்கிழமை எழுதும்போதும் பழக்கத்தில் கூட்டி எழுதிவிட்டார். ஞாயிறன்று ஊரே கடிகாரத்தைத் திருத்தியது. பலகையைத் திருத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கடல் பலகையைப் படிப்பதில்லை, அண்ணா. அது ஒரு மணி முன்னாலேயே திரும்பத் தொடங்கிவிட்டது.

அது தெரியாமல் வாளியும் மண் அள்ளும் கரண்டியும் ரொட்டிப் பொட்டலமுமாக மூக்கைத் தாண்டிப் போனோம். மூன்று நாள் அடித்த காற்றில் அந்த இடமே அடையாளம் மாறியிருந்தது. பழைய கோயிலின் அடிச்சுவர் தரையில் கோடு போட்ட மாதிரி முழுசாகத் தெரிந்தது. பாதிரியார் பீடம் இருந்த இடத்தைக் கண்டுபிடித்து அங்கே போய்ச் சும்மா நின்றுகொண்டார். மிஸ் ஹவ்லெட் ஜுரம் என்று வரவில்லை. கல்லறைகள் வரிசையாகத் திறந்து கிடந்தன. இந்தப் பக்கம் ஒரு குரல் ‘பழசு’ என்றது. அந்தப் பக்கம் ஒரு குரல் ‘பழசு, குழந்தை’ என்றது. நான் ஒரு கொக்கியையும், துணிக் கட்டுக்கு அடிக்கிற ஈய முத்திரை ஒன்றையும் எடுத்தேன். ஒரு தாடை எலும்பு முழுப் பல்வரிசையோடு வந்தது. எனிட் அத்தையிடம், உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டேன். உன் நாக்கைத்தான் முதலில் புதைக்கணும்டி என்றார். அப்போதுகூட எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பா எங்களோடு சுவர்ப் பக்கம் இருந்தார், மேட்டின் அடியில் இல்லை.

அந்த மேட்டுப் பக்கம் போனது எனிட் அத்தைதான். வாளி கழுவப் போனார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்தார். நிமிர்ந்தார். வாளியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். நான் அவர் குரலுக்காகக் காத்திருந்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கரண்டிச் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன. குரல் வரவில்லை.

அப்பா அந்த மௌனத்தைக் கேட்டார். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தலையைத் தூக்கி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நான் ஓடினேன். அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன்.

சாம்பல் நிறக் களிமண்ணில் ஓர் எலும்பு நீண்டிருந்தது. பழுப்பாக இல்லை. அதன் கீழே உள்ளங்கை அளவு மஞ்சள். சாதாரணத் துணியில்லை, மழைக்குப் போடுகிற தடித்த ரப்பர்த் துணி. அதில் பொத்தானுக்குப் பதில் மாட்டுகிற ஒரு பித்தளைக் கொளுவி.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். எனிட் அத்தை கையிலிருந்த வாளியைப் பிடுங்கி, அதன்மேல் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்தேன். முட்டை காக்கிற கோழி மாதிரி.

அதே நேரம் பின்னால் பாதிரியார் என்னவோ சொன்னார். முதலில் யாருக்கும் புரியவில்லை. அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கின் அடியில், நாங்கள் காய்ந்த மணலில் நடந்து வந்த இடத்தில், வெள்ளையாக நுரை வந்து போனது. அவர் முகம் அந்த நுரையின் நிறத்தில் இருந்தது. ‘நான் ஒரு மணியைக் கூட்டிட்டேன்’ என்றார். ‘ஐயோ, கூட்டக்கூடாத நாள்ல கூட்டிட்டேன். எல்லாரும் கிளம்புங்க. எதையும் எடுக்காதீங்க.’

ஆட்கள் ஓடத் தொடங்கினார்கள். மூக்கைத் தண்ணீர் அடைத்துவிட்டால் இந்தப் பக்கம் ஏற வழியே இல்லை, பின்னால் மேடு, முன்னால் கடல், அவ்வளவுதான். அப்பா மட்டும் எனக்கு முன்னால் வந்து நின்றார்.

‘எழுந்திரு, வெரிட்டி.’

‘பழசுப்பா’ என்றேன். என் குரல் நன்றாகத்தான் வந்தது. இதுவரை எத்தனை புளுகு சொல்லியிருக்கிறேன், ஒன்றில்கூடக் குரல் இவ்வளவு நன்றாக வந்ததில்லை.

‘நீ சொல்லாதம்மா. நீ சொன்னா நான் எதையும் நம்புற மாதிரி இல்ல. எழுந்திரு.’

மண்வெட்டியைக் கீழே வைத்தார். என்னைத் தூக்கி அப்பால் வைக்கக் குனிந்தார். மேலே கற்கள் உதிர ஆரம்பித்தன. முதல் அலை வந்து என் செருப்பை நனைத்துவிட்டுப் போனது. நான் வாளியின் விளிம்பை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அப்பாவின் கை எவ்வளவு பலமானது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. வாளியைத் தூக்கினால் அவர் அங்கிருந்து வரமாட்டார். தண்ணீர் கழுத்துக்கு வந்தாலும் கையால் தடவிக்கொண்டு அங்கேயே இருப்பார். நானும் இருப்பேன், வேறு எங்கே போவேன்.

கடைசி விரலைப் பிரிக்கும்போது அப்பா தலையை நிமிர்த்தி, ‘எனிட், நீ சொல்லு. நீ பாத்தியே’ என்றார்.

எனிட் அத்தை ஓடாமல் நின்றிருந்தார். கடலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

‘பழசு, கிளெம்’ என்று அப்பாவிடம் சொன்னார். ‘நல்லாக் கறுத்துப் போன பழசு. வா, போகலாம்.’

அப்பா என் விரலை விட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு அவர் மூச்சு விட்டதை நான் பார்த்தேன். பிறகு என்னை ஒரு கையிலும் எனிட் அத்தையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடினார்.

மூக்கில் தண்ணீர் இடுப்புக்கு மேல் இருந்தது. பாதிரியார் அந்தப் பக்கம் பாறையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டிருந்தார். ஓர் அலை எங்கள் மூன்று பேரையும் பாறையில் அடித்தது. அப்பாவின் விலா அப்போது பட்டதுதான். எனிட் அத்தை தண்ணீருக்குள் போய்விட்டார், அவர் தொப்பி மட்டும் மேலே சுற்றியது. அப்பா அவர் கையை விடவில்லை. நான் உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே, கடவுளே, இதை ஒரு புளுகாக்கிவிடு, எல்லாம் நான் சொன்ன புளுகாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மேலே ஏறி மணலில் விழுந்தபோது பின்னால் பெரிதாக ஒரு சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேடு இறங்கியிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் கடல் வற்றியபோது மேட்டின் மேலேயிருந்து பார்த்தோம். புது மண், கழுவிய களிமண், சுத்தமான கடற்கரை. வாளியும் இல்லை, ஒன்றும் இல்லை. கடலோடு போன பழைய எலும்புகளுக்காகப் பாதிரியார் ஒரு ஜெபம் வாசித்தார். அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். பாவம், இன்னும் ஒருத்தர் மேலே கோயிலுக்கு வந்து சேரலையே என்றார்.

அண்ணா, நான் தூங்குவதில்லை. அப்பாவுக்கு முன்னால் எழுந்து, விடிகிற வெளிச்சத்தில் நாயோடு கரை முழுக்க நடக்கிறேன். மஞ்சளாக எதைப் பார்த்தாலும் ஓடிப்போய்க் குனிகிறேன். நேற்று ஒரு எலுமிச்சம்பழத் தோல். அதற்கு முந்தின நாள் மீன்காரர்களின் கையுறை. கிடைத்துவிடுமோ என்று பயம். கிடைக்காமலே போய்விடுமோ என்று அதைவிடப் பயம். கிடைத்தால் நான் அதை என்ன செய்வேன்?

எனிட் அத்தை போன ஞாயிறு கோயிலுக்கு வரவில்லை. தபாலாபீஸில் என்னைப் பார்த்தால் உள்ளே போய்விடுகிறார். திங்களன்று அப்பா தபால்தலை வாங்கப் போனார், நானும் கூட இருந்தேன். அப்பா காசை வைத்துவிட்டு, பேச்சோடு பேச்சாக, ‘அது பழசுதானே, எனிட்?’ என்றார். அத்தை முத்திரைக் கட்டையை எடுத்து, ஒரே கடிதத்தின்மேல் குத்திக்கொண்டே இருந்தார், முகவரி கறுத்து மறையும்வரை. பிறகு ஆமாம் என்றார். அப்பா தலையாட்டினார். ஆனால் கேட்டுவிட்டாரே. கேட்டவர் இன்னொரு முறையும் கேட்பார். அத்தையால் அந்தச் சொல்லை இன்னும் எத்தனை நாள் தூக்கிக்கொண்டிருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

பாதிரியார் அப்பாவிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டார், இனிக் குழுவே வேண்டாம் என்று. அப்பா சிரித்துக்கொண்டே, நீங்க மணியை மட்டும் ஒழுங்காப் பாருங்க சாமி என்கிறார். இந்த மாத நடுவில் மறுபடி கடல் உள்வாங்குகிறது. விலாக் கட்டோடு மண்வெட்டியைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். இன்னும் எதையோ தேடிக்கொண்டு. இருந்த ஒன்றும் போய்விட்டது என்று தெரியாமல். அவர் நிற்கப் போகும் இடத்துக்கு மேலே மண் மறுபடி வெடித்திருக்கிறது. தேட ஒன்றும் இல்லை என்று சொன்னால்தான் அவர் நிறுத்துவார். அதைச் சொல்ல, என்ன பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால் கோழியா, பாதிரியாரா என்பார். அத்தை சொன்னால், பொய் சொன்ன வெட்கத்திலேயே செத்துப்போவார். பிறகு அப்பா என்ன ஆவார் என்று யோசிக்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

நீ முதல் விடுமுறைக்கு வந்தபோது அபர்தீனிலிருந்து அம்மாவுக்கு ஒரு மழைக்கோட்டு கொண்டுவந்தாயே, மீன்பிடிப் படகுக்காரர்கள் போடுகிற தினுசு. உனக்கு ஊரிலேயே அழகான அம்மா, அவளைப் படகுக்காரன் ஆக்கிவிட்டாயே என்று நான்கூடக் கேலி செய்தேன். அது என்ன நிறம், அண்ணா? அதன் கொளுவிகள் பித்தளையா?

பதில் எழுதாதே. வா. கடல் வற்றுவதற்கு முன்னால் வந்து, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, நீ சொல்ல முடிந்தால் சொல். முடியாவிட்டால், மண்வெட்டியை அவர் கையிலிருந்து வாங்கவாவது வா. என் கை சின்னது.

உனக்கு வரும் வழியெல்லாம் காற்று பின்னாலிருந்தே அடிக்கட்டும். வீட்டுக் கதவைப் பூட்டாமல் வைத்திருப்பேன். என்ன நேரமானாலும் சரி, என்னைத்தான் முதலில் எழுப்ப வேண்டும்.

உன் தங்கை,
வெரிட்டி